காற்றின் மேல் போட்ட பழி

என் மருமகள் சிட்னிக்காரி. 2022 டிசம்பரில்தான் முதன்முறையாகத் திருவண்ணாமலைக்கு வந்தாள். 6ஆம் தேதி மகாதீபம். எங்களோடு காலையிலிருந்து விரதம் இருந்தாள். 2668 அடி உச்சியில் சுடர் தெரிந்ததும் மொட்டைமாடியில் எங்களைவிட உரக்க ‘அரோகரா’ சொன்னாள். தீபம் எரிந்த 11 நாளும் மாடியேறிக் கும்பிட்டாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. “மாமா, வாசல்ல ஒரு ஸ்டார் கட்டட்டுமா?” என்று கற்றுக்கொண்ட தமிழில் கேட்டாள். கட்டும்மா என்றேன். சிவப்புக் காகித நட்சத்திரம். எங்கள் வீடு கிரிவலப் பாதையில். சாயங்காலம் தெரிந்தவர் ஒருவர் நின்று, “என்ன சார், மதம் மாறிட்டீங்களா?” என்றார். அவ்வளவுதான். இரவெல்லாம் புரண்டேன். விடியுமுன் எழுந்துபோய்ப் பிய்த்தெடுத்தேன். ஒரு முனை கிழிந்தது. காலையில் அவள் கேட்டபோது, “ராத்திரி காத்தும்மா” என்றேன்.

மலையின் புனிதத்துக்காகச் செய்தேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். நான் படித்ததே டேனிஷ் மிஷன் பள்ளியில். பிரான்சிலிருந்து வந்த ஹென்றி லெ சோ என்ற கத்தோலிக்கத் துறவி, அபிஷிக்தானந்தர் என்ற பெயரோடு 1950களில் இதே மலைக் குகைகளில் தங்கித் தியானித்ததும் எனக்குத் தெரியும். அண்ணாமலை அவரைத் தள்ளவில்லை. நாலு பேர் வாய்க்குப் பயந்தது நான்.

2024 டிசம்பரில் சிட்னி போனோம். 13ஆம் தேதி தீபம். இங்கே மாலை 6 மணி, அங்கே இரவு 11.30. நேரலைக்காக அவளும் விழித்திருந்தாள். அங்கே டிசம்பர் கொளுத்தும் கோடை. 25ஆம் தேதி குடும்பமே கடற்கரையில். அவள் அம்மா இறாலும் மாம்பழமும் பாவ்லோவாவும் பரப்பினார். எனக்கென்று மருமகளே புளியோதரை கிளறியிருந்தாள். காட்டுத்தீக் காலம், நெருப்பு வேண்டாம் என்று, நாங்கள் கொண்டுபோன மண் அகல்களுக்குள் பேட்டரி விளக்கை வைத்து மணலில் வரிசையாக அடுக்கினாள். குடைக்கம்பியில் அதே சிவப்பு நட்சத்திரம். கிழிந்த முனையில் டேப்.

“திருவண்ணாமலைக் காற்று கிழித்தது” என்று தன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில்தான் இருந்தேன். கையில் அவள் கிளறிய சோறு. அப்போதும் வாய் திறக்கவில்லை.

மகனே, இதை அவளுக்குப் படித்துச் சொல். அன்று காற்றே அடிக்கவில்லை, அம்மா. கிழித்தது நான். அடுத்த முறை நீ வரும்போது வாசலில் நானே கட்டுகிறேன்.