பதினாலு வருஷத்து ராம்!

ஒரு கட்டுரையை டைப் அடித்துவிட்டு 'ஸேவ்' கொடுத்தேன். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எழுந்து போய்க் குளித்தேன். துணி காயப்போட்டேன். குயிலாப்பாளையம் மெயின் ரோடு வரை போய் ஒரு டீ குடித்துவிட்டும் வந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அப்புறம் திரை நீலமாகி, கட்டுரை காற்றோடு போச்சு!

மறுநாள் ஆசிரியர் போனில் ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "பரவாயில்லை ஸார், அந்தப் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வந்துடுச்சு."

பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆசாமி நான். போனது அந்த மாத கேஸ் சிலிண்டரும் பால் பாக்கியும்.

பி.காம். முடித்த கையோடு, 2012 பொங்கலுக்கு வாங்கிய கம்ப்யூட்டர் அது. இப்போது 2026. ராமபிரானே வனவாசம் முடிந்து அயோத்திக்குத் திரும்பிவிடும் காலம். என் பெட்டிக்குள் இருந்த 2 ஜி.பி. 'ராம்' மட்டும் இன்னும் காட்டிலேயே அலைந்துகொண்டிருந்தது.

புதுச்சேரியில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "தூக்கிப் போடுங்க ஸார். புதுசு முப்பதாயிரத்துல முடிச்சுடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சும்மாதான் சொன்னேன். மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து என் மேஜை மேல் வைத்தாள். ஏலச்சீட்டுப் பணம். ஜூனில் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதற்காக வைத்திருந்தது.

"எழுதினாத்தானே காசு வரும்? எடுத்துக்குங்க."

திட்டிக்கொண்டே கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. பையைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அன்று ராத்திரி ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தேன். படித்தது காமர்ஸ் என்பதால் அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் என்பது ரெக்கார்டு ரூம். ராம் என்பது குமாஸ்தாவின் மேஜை. மேஜை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு வவுச்சருக்கும் அவர் எழுந்து ரெக்கார்டு ரூமுக்கு ஓட வேண்டும். மனுஷர் கெட்டிக்காரர்தான், ஆனால் ஆயுசு முழுக்க நடையிலேயே போய்விடும். 2 ஜி.பி. மேஜையில் இந்தக் காலத்து பிரவுசர் ஒருத்தரே காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறார். ஆக, ஆளை மாற்ற வேண்டாம். மேஜையைப் பெரிசாக்கினால் போதும்!

இந்த ராமுக்கு வழி கண்டுபிடித்தவர் ஐ.பி.எம். கம்பெனியின் ராபர்ட் டென்னார்ட். அவருக்கு பேட்டன்ட் கிடைத்தது 1968-ல். எங்கள் ஊரை ஒட்டி ஆரோவில் ஆரம்பித்த அதே வருஷம்! சமாசாரம் என்னவென்றால், அது ஓட்டைக் குடம். உள்ளே இருக்கும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தரம் மறுபடி நிரப்பியாக வேண்டும். கரண்ட் நின்றால் குடம் காலி. என் கட்டுரை போன வழி இதுதான்.

புது ராம் விலையை விசாரித்தால் பகீரென்றது. உலகத்து மெமரியில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர். மூவரும் இப்போது ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்குச் சமைக்கப் போய்விட்டார்கள். நம் மாதிரி சில்லறை ஆட்களுக்கு 'க்ரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய கல்யாண கான்ட்ராக்ட் கிடைத்ததும் மெஸ்ஸை மூடிவிடும் சமையல்காரர் மாதிரி! 1993 ஜூலையில் ஜப்பானில் சிப்புகளுக்கான பிசின் தயாரிக்கும் ஆலை ஒன்று வெடித்தபோதும் இப்படித்தான் விலை எகிறியது.

என் பெட்டிக்கு அந்தப் புது ராம் நுழையவே நுழையாது என்பதுதான் என் அதிர்ஷ்டம். என்னுடையது டி.டி.ஆர்.3. 2014-ல் வந்த டி.டி.ஆர்.4-க்கு வெட்டு வேறு இடத்தில் இருக்கும். புதுச்சேரிக் கடைகளில் "டி.டி.ஆர்.3-ஆ?" என்று சிரித்தார்கள். விடியற்காலை ஈ.சி.ஆரில் பஸ் பிடித்தேன்.

சென்னையில், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பழைய கம்ப்யூட்டர்களில் கழற்றிய ராம்களைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தான் ஒரு பையன்.

"போர்டு என்ன ஸார்?"

"எச்61. ரெண்டு ஸ்லாட்." முதல் நாளே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

4 ஜி.பி. இரண்டு. ஒன்று 450 ரூபாய். "கியாரண்டி?" என்றேன். "ஒரு வாரம் ஸார். அதுவும் உங்க முகத்துக்காக" என்றான். போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தான்.

ராத்திரி மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். திரை கறுப்பு. 'பீப் பீப் பீப்' என்று ஒரே ஒப்பாரி! மனைவி மஞ்சள் பையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பையனின் பென்சில் ரப்பரை வாங்கி, ராமின் தங்க நிறப் பற்களைப் பதமாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி அழுத்தினேன். திரை வந்தது!

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால்: '8 ஜி.பி., உபயோகத்துக்கு 3.2.' மீதி எங்கே? ரிச்சி தெருப் பையனை மனசுக்குள் கண்டபடி வைதுகொண்டே போன் போட்டேன்.

சிரித்தான். "உங்க விண்டோஸ் 32 பிட் ஸார். அதுக்கு நாலு ஜி.பி.க்கு மேல எண்ணத் தெரியாது. பிராசஸர் 64 பிட்தான். 64 பிட் போட்டுக்குங்க."

நான் வைத்திருந்தது விண்டோஸ் 7. 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்ட சரக்கு. ஃபைல்களையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் 64 பிட் லினக்ஸ் மின்ட்டைப் போட்டேன். இரண்டு சாயங்காலம் போச்சு. எட்டும் முழுசாகக் கணக்கில் வந்தது. இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன். வட்டம் வரவில்லை.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்றாள் மனைவி.

"தொள்ளாயிரம்!"

"பஸ் சார்ஜ்?"

சொன்னேன். மஞ்சள் பையை எடுத்து எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அரிசி டிரம்முக்குள் சும்மா கையை விட்டுப் பார்த்தேன். பை அங்கே இல்லை. இடத்தை மாற்றிவிட்டாள்!