ஒயரா... ஒயர்லெஸ்ஸா? கொடைக்கானல் ரோட்டுல ஒரு பட்டிமன்றம்!

காலையில அஞ்சு மணி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை. மூணு சைக்கிள், மூணு பேர், ஆளுக்கு ரெண்டு பன். கிளம்பறதுக்கு முன்னாடியே சண்டை ஆரம்பிச்சாச்சு. எதுக்குன்னு கேட்கறீங்களா? ஹேண்டில்பார்ல மாட்டியிருக்கற தீப்பெட்டி சைஸ் சைக்கிள் கம்ப்யூட்டருக்குத்தான்!

"ஏன் மாப்ள, இந்தக் காலத்துல எவன்டா ஒயரைச் சுத்தி வெச்சுக்கிட்டு அலையறான்? வண்டியா, ரேடியோ ரிப்பேர் கடையா?"

கலாய்ச்சது ரூம்மேட். அவன்கிட்டயும் இன்னொரு நண்பன்கிட்டயும் ஒரே மாடல் ஒயர்லெஸ். ஆஃபர்ல ஜோடியா வாங்கினது. நம்மகிட்ட சில நூறு ரூபாய்க்கு வாங்கின ஒயர் மாடல். ஃபோர்க்ல இருந்து பிரேக் கேபிளோட பின்னிப் பிணைஞ்சு ஹேண்டில்பாருக்கு ஏறும். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாதுதான்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி பாடம். முன் சக்கர ஸ்போக்ஸ் கம்பியில ஒரு சின்ன காந்தம். ஃபோர்க்ல ஒரு சென்ஸார். அதுக்குள்ள கண்ணாடிக் குழாய்ல ரெண்டு மெல்லிய தகடு. சக்கரம் ஒரு சுத்து சுத்தி காந்தம் கிட்ட வரும்போது தகடு ரெண்டும் ஒட்டும், அப்புறம் விலகும். கம்ப்யூட்டர் பண்றதெல்லாம் அந்த 'டிக்'கை எண்ணி, சக்கரத்தோட சுற்றளவால பெருக்கறது மட்டும்தான். 1895-ல அமெரிக்காவுல கர்ட்டிஸ் வீடர் விற்பனைக்குக் கொண்டுவந்த சைக்ளோமீட்டரும் இதையேதான் பண்ணுச்சு. ஸ்போக்ஸ்ல ஒரு முளை, அது தட்டத் தட்ட நகர்ற பல்சக்கரம். பேட்டரி செலவே கிடையாது!

ஆக, ஒயர்லயும் ஒயர்லெஸ்லயும் எண்ணற முறை ஒண்ணுதான். அந்த 'டிக்' மேல போய்ச் சேர்ற வழிதான் வேற. அந்த வழியிலதான் வில்லங்கமே.

கிளம்பினோம். காட்ரோடு பிரிவு வரைக்கும் சமதளம். புளியமர நிழல், மாந்தோப்பு வாசனை, காலை வெயில். அவங்க ரெண்டு பேரும் ஹேண்டில்பாரோட ஹேண்டில்பார் உரசற மாதிரி பக்கத்துல பக்கத்துல ஓட்டிக்கிட்டு, செமஸ்டர் அரியர்ல இருந்து சினிமா வரைக்கும் அரட்டை. நான் மூச்சு வாங்கிட்டு பின்னாடி.

காட்ரோட்டுல வலது பக்கம் திரும்பினதும் மலை ஆரம்பம். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல ஏற்றம். அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,800 மீட்டர். செங்குத்துன்னு சொல்ல முடியாது, ஆனா முடியவே முடியாது! டம்டம் பாறையில நின்னு, எதிர்ல எலிவால் மாதிரி 297 மீட்டர் தொங்கற தலையாறு அருவியைப் பார்த்தப்போ என் மீட்டர்ல வேகம் 7. அதாவது சக்கரம் செகண்டுக்கு ஒரு சுத்து. நடந்து போற ஆடு கூட ஓவர்டேக் பண்ணிட்டுத் திரும்பிப் பார்த்துச்சு.

ஊத்து, பண்ணைக்காடு பிரிவு எல்லாம் தாண்டி பெருமாள்மலை சேர்ந்தப்போ மத்தியானம் ரெண்டு மணி. பழனி ரோடு வந்து சேர்ற இடம். இங்கதான் கூத்து.

ரூம்மேட் மீட்டரைப் பார்த்தான், முகமெல்லாம் பல்லு. "மாப்ள, கணக்குப்படி இன்னும் அஞ்சே கிலோமீட்டர்!" பாட்டில்ல மிச்சம் இருந்த தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டு, ஸ்டாண்டிங்ல மிதிச்சுப் பறந்தான். அடுத்த வளைவுல ஒரு கிலோமீட்டர் கல். கொடைக்கானல்னு போட்டு, ரெட்டை இலக்கத்துல ஒரு நம்பர். ஆள் அப்படியே கல்லு மேல உட்கார்ந்துட்டான். தொடையில தசைப்பிடிப்பு வேற.

என் மீட்டர் கல்லோட ஒத்துப்போச்சு. அவங்க ரெண்டு பேர் மீட்டரும் ஏழு கிலோமீட்டர் கூடுதல். எங்க போச்சு அந்த ஏழு? காலையில அரட்டை அடிச்சாங்களே, அங்க! பழைய டைப் ஒயர்லெஸ்ல சென்ஸார் அனுப்பற சிக்னலுக்குப் பேர், அடையாளம் எதுவும் கிடையாது. அரை மீட்டர், முக்கால் மீட்டர் தூரத்துல எந்த சென்ஸார் 'டிக்'னு சொன்னாலும் நம்மளுதுன்னு எண்ணிக்கும். இவன் சக்கரம் சுத்தினது அவன் கணக்குல, அவன் சுத்தினது இவன் கணக்குல. கடன் வாங்காமலே வட்டி!

அதோட விடல. பனிமூட்டம் இறங்கிடுச்சு. பத்தடி தள்ளி பஸ் வந்தா தெரியாது. முன்னாடி எல்.இ.டி. லைட்டைப் போட்டாங்க. உடனே ரெண்டு ஒயர்லெஸ்ஸும் சுழி. லைட்டை அணைச்சா வேகம் வருது, போட்டா போயிடுது. சில மலிவு எல்.இ.டி. லைட்டுகளோட சர்க்யூட் கிளப்பற ரேடியோ இரைச்சல், இந்த வகை சிக்னலை அமுக்கிடும். லைட்டா, மீட்டரான்னு கேட்டா சத்தியமா லைட்டுதான். மிச்ச தூரம் என் ஒயர் மீட்டரைத்தான் மூணு பேரும் நம்பினோம். "இன்னும் எத்தனை?"ன்னு ரூம்மேட் கேட்கக் கேட்க, நான் வாசிச்சுக்கிட்டே வந்தேன். என் பாட்டில் தண்ணியை மூணு பங்கு போட்டோம். சில்வர் காஸ்கேடு வந்தப்போ எட்டு கிலோமீட்டர் பாக்கி. கொடைக்கானல் ஏரித் தண்ணிதான் வழிஞ்சு இங்க அருவியா விழுது. ஏரியே நம்மளைத் தேடி வந்த மாதிரி இருந்துச்சு!

மறுநாள் ஏரியைச் சுத்தி டெஸ்ட் வெச்சோம். 1863-ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் உருவாக்கின ஏரி, சுத்தி வர சுமார் அஞ்சு கிலோமீட்டர். இந்த முறை ஒருத்தர் போய் வந்த பிறகுதான் அடுத்தவர். மூணு மீட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பாவம், தனியா இருக்கும்போது ஒயர்லெஸ் நல்ல பிள்ளைதான்.

அப்படியே சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு விசிட். ஜான் எவர்ஷெட் 1909-ல சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடறதை நிறமாலையை வெச்சே கண்டுபிடிச்ச இடம். பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தூரத்துல இருக்கறதோட வேகம், ஒரு ஒயர் கூட இல்லாம! ரூம்மேட் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... "பாத்தியா மாப்ள, ஒயர்லெஸ்!"

சரி, நீங்க எதை வாங்கறது? கையில காசு கம்மி, குரூப்பா ஓட்டறீங்க, ராத்திரி லைட் போட்டு ஓட்டறீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு ஒயர். ஒரே பேட்டரி, அதுவும் மேல மட்டும். ஒயர்லெஸ்தான் வேணும்னா, டிஜிட்டல் கோடு உள்ளதா, ஏ.என்.டி. பிளஸ் அல்லது புளூடூத் வகையான்னு கேட்டு வாங்குங்க. அது தன்னோட சென்ஸார் பேச்சை மட்டும்தான் கேட்கும். ஆனா சென்ஸாருக்கும் தனி பேட்டரி, ஒண்ணு தீர்ந்தாலும் மீட்டர் ஊமை. மொபைல் ஜி.பி.எஸ். போதாதான்னா, மரம் மூடின கொண்டை ஊசி வளைவுகள்ல அது சில சமயம் வளைவையே வெட்டிட்டு நேரா போயிடும். நாம அப்படிப் போக முடியாதே!

எதை வாங்கினாலும் டயர் அளவைச் சரியா போடுங்க. 26 இன்ச் 1.95 டயருக்கு 2,050 மில்லிமீட்டர், 700-க்கு 28 டயருக்கு 2,136. மாத்திப் போட்டா அறுபது கிலோமீட்டர்ல ரெண்டரை கிலோமீட்டர் உதைக்கும். இன்னும் துல்லியம் வேணுமா? டியூப் வால்வு தரையைத் தொடற இடத்துல சாக்பீஸ் கோடு போட்டு, சீட்ல உட்கார்ந்தபடியே ஒரு சுத்து உருட்டி, டேப்பால அளந்துடுங்க.

திரும்பி வரும்போது கால்ல தெம்பு இல்ல, சைக்கிளை பஸ் மேல ஏத்தினோம். வத்தலக்குண்டுல இறக்கும்போது என் ஹேண்டில்பாரும் ரூம்மேட் பெடலும் பின்னிக்கிச்சு. ஒரு இழு. 'டப்'புனு ஒரு சத்தம். என் ஒயர் ரெண்டு துண்டு.

ரூம்மேட் சிரிக்கல. பாக்கெட்ல இருந்து செலோ டேப் எடுத்து நீட்டினான். "ஒட்டு மாப்ள. வீடு போற வரைக்குமாவது எவ்வளவுன்னு சொல்லணும்ல?"