மெட்டு இல்லாத ஏடுகள்

மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளை மனத்தில் இருத்தித் திரும்புகின்றனர்: பரதேசி யூதர்களின் சினகாக் எழுந்த 1568, அதன் மணிக்கூண்டு எழுந்த 1760. மட்டாஞ்சேரியிலேயே வீடுகளுக்கிடையே நிற்கும் ஒரு வெள்ளைக் கல்லறையைத் தேடிச் செல்வோர் குறைவு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நெஹெமியா மோத்தா அங்கே துயில்கிறார். அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறித்தவர்களும் இஸ்லாமியரும் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கின்றனர். அவர்களுக்கு அவர் ஒரு மகான். கொச்சி யூதர்களின் எபிரேய வழிபாட்டு நூல்களிலோ அவர் பாடலாசிரியர்.

ஆகவே பாடலாசிரியர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்துவது இவ்வூருக்குப் புதிதன்று. எவருடைய பெயர் அஞ்சலிக்கென எஞ்சியது என்பதே இங்கு எழும் வினா.

அமெரிக்க ஜாஸ் வாய்ப்பாட்டில், ஒரே பாடலாசிரியரின் பாடல்களைக் கொண்டு ஒரு மாலை முழுவதும் நிகழும் அஞ்சலிக் கச்சேரி நன்கு வேரூன்றிய வடிவம். 1956 முதல் 1964 வரை எலா ஃபிட்ஸ்ஜெரால்டு வெளியிட்ட ‘சாங்புக்’ இசைத்தட்டு வரிசை அதற்கு வலுவான முன்மாதிரி. 1958இல் அவ்வரிசையில் இடம்பெற்றவர் இர்விங் பெர்லின். ரஷ்யப் பேரரசிலிருந்து 1893இல் சிறுவனாக நியூயார்க் வந்த யூதர். தந்தை சினகாக்கில் வழிபாட்டுப் பாடல் பாடியவர். மகனுக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. பியானோவின் கருங்கட்டைகளிலேயே பெரும்பாலும் மெட்டமைப்பார்; சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட உதவியாளர் அதை எழுதிக்கொள்வார். எழுதியது அச்சாகிக் கடைகளுக்குச் சென்றது. மெட்டு தாளில் பத்திரமாக இருந்ததால்தான் ஜாஸ் பாடகி அதை இழுக்கவும் மடக்கவும் துணிந்தார். காப்புரிமைச் சட்டமும் அச்சகமும் இல்லையேல் இந்த அஞ்சலி மரபு இல்லை என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

1960 பிப்ரவரியில் ஜெர்மனியின் பெர்லின் நகரக் கச்சேரியில் எலா ‘மேக் தி நைஃப்’ பாடலை எடுத்தார். அதற்கு இசையமைத்த குர்ட் வைலும் வழிபாட்டுப் பாடகர் ஒருவரின் மகனே. பாதியில் சொற்கள் மறந்துபோயின. மறந்ததையே சொல்லாக்கி அவர் பாடி முடித்தார். மெட்டு அவரைத் தாங்கிக்கொண்டது. அந்தப் பதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

கொச்சியில் நிகழ்ந்தது இதன் மறுதலை. சொற்கள் நின்றன, மெட்டுகள் போயின.

கேரள யூதப் பெண்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் மலையாளப் பாடல்கள் பாடினர். ஆடவர் முன்னிலையில் பெண் பாடலாகாது என வைதிக யூத சமூகங்கள் பல விலக்கிவைத்திருந்தபோது, இங்கே ஆடவர் அமர்ந்து கேட்டனர். பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளும் பாட்டியிடமிருந்து பேத்தியும் படியெடுத்துக்கொண்டனர். இவ்வாறு தொகுக்கப்பட்டவை 200க்கும் மேற்பட்டவை. பழம்பாடல்கள் சிலவற்றின் சொல்வழக்கு தமிழ் வாசகருக்கு அயலாகத் தோன்றாது. யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குப் பாஸ்கர ரவிவர்மன் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் இருப்பதை அறிந்தோர்க்கு அது வியப்பாகவும் இராது. பெரும்பாலான பாடல்களில் இயற்றியவர் பெயர் இல்லை.

ரூபி டேனியல் 1912இல் ஜூ டவுனில் பிறந்தவர். அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினர் என முத்திரை குத்தப்பட்டு, பரதேசி சினகாக்கில் சம உரிமை மறுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர். அந்தப் பாகுபாட்டை எதிர்த்து ஏ. பி. சேலம் சினகாக்கினுள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு வந்தது அவ்வாறுதான். ரூபி இரண்டாம் உலகப் போரில் மகளிர் கடற்படைப் பிரிவில் பணியாற்றி, 1951இல் இஸ்ரேலின் நெயோட் மொர்தெகாய் கிப்புட்ஸில் குடியேறினார். முதுமையில் அங்கே அமர்ந்து அந்த மலையாளப் பாடல்களை ஆங்கிலமாக்கினார். பார்பரா ஜான்சனுடன் இணைந்து எழுதிய நினைவுநூல் 1995இல் வெளிவந்தது. வழிபாட்டிடத்தில் ஓரத்தில் நிறுத்தப்பட்ட குடும்பத்தின் மகளே அச்சமூகத்தின் பாடல்களைச் சுமந்தார் என்பதை, கொச்சியின் ‘நல்லிணக்கம்’ பற்றி எழுதுவோர் எளிதாகக் கடந்துவிடுகின்றனர்.

ஆய்வாளர்கள் முறையாகத் தொகுக்கத் தொடங்கியது 1970களில். அதற்குள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய் இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. மூதாட்டிகள் நோட்டைத் திறந்தால் சொற்கள் தெளிவாக இருந்தன. பல பக்கங்களில் குரல் எழவில்லை. நினைவிலிருந்து பாட முடிந்தவற்றில் ஒரு பகுதி 2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக இசை ஆய்வு மையத்தின் குறுந்தகடாக வந்தது. அதன் தலைப்பில் ஒரு கிளி இருக்கிறது. பாட்டில் கிளியை விளிக்கும் வழக்கம் மலையாளத்திலும் தமிழிலும் புதிதன்று.

தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தபின், பண் தெரியாமல் தவித்த நம்பியாண்டார் நம்பியும் மன்னனும் எருக்கத்தம்புலியூருக்குச் சென்றதாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அங்கே இருந்தாள். அவள் பாடிக் காட்டினாள். ஜூ டவுன் நோட்டுகளில் மெட்டு மறைந்த பக்கங்களுக்கு அத்தகைய ஊர் எதுவும் எஞ்சவில்லை. அந்தப் பாடல்கள் இன்று வாசிக்கப்படுகின்றன.