வாயைக் கட்டினால் போதுமா?

"வாயைக் கட்டு, உடம்பு தானாக இளைக்கும்." குண்டாக இருப்பவர்களுக்கு இந்த அறிவுரையைச் சொல்லாதவர் யார்? ஆனால் வாயைக் கட்டலாம், ஹார்மோனைக் கட்ட முடியுமா?

1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் 'கிரெலின்' என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்வது இதுதான். 2002-ல் அமெரிக்காவில் டேவிட் கம்மிங்ஸ் குழுவினர் இதை அளந்து பார்த்தார்கள். உணவைக் குறைத்து இளைத்தவர்களுக்குக் கிரெலின் 24 சதவீதம் கூடியிருந்தது! அதாவது, இளைத்த உடம்பு இன்னும் அதிகமாகப் பசியைக் கிளப்புகிறது. இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கோ அது மிகவும் குறைவாக இருந்தது.

இந்தச் சிகிச்சையில் இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போவதால் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன்கள் அதிகம் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் சொல்கின்றன. ஜி.எல்.பி-1 இன்சுலினையும் தூண்டுவதால் பலருக்குச் சர்க்கரை நோயும் கட்டுக்குள் வருகிறது.

இதற்கு விலையும் உண்டு. இரும்புச்சத்து, வைட்டமின் பி12 சரியாக உடம்பில் சேராது. ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை வேண்டும். இனிப்பை அதிகம் சாப்பிட்டால் படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம்.

இனி யாரையாவது "மனக்கட்டுப்பாடு இல்லாதவர்" என்று சொல்லும் முன், அந்த 24 சதவீதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாமே!