பதினோரு மில்லி கணக்கு

பீளமேட்டில் மாடியில் இயங்கும் சின்ன மருந்துப் பரிசோதனைக் கூடம் அது. அன்று மேசைக்கு வந்திருந்தது ஆஸ்பிரின்.

"இருபது மாத்திரைய மொத்தமா எடை போடணுமுங்க. ஒண்ணே ஒண்ண எடுத்தா, அது கூடவோ குறையவோ இருக்கும்" என்றார் அனலிஸ்ட் அக்கா. எடை போட்டு, கல்வத்தில் நைசாக அரைத்தார். அரை கிராம் ஆஸ்பிரின் இருக்க வேண்டிய அளவுப் பொடி மட்டும் குடுவைக்குப் போனது.

ஆஸ்பிரினும் அமிலம்தானே, காரத்தை நேராகவே விட்டு அளந்துவிடலாமே என்று பிளஸ் டூ லேப் நினைப்பில் கேட்டேன். அது தண்ணீரில் லேசில் கரையாது. கரைந்தாலும், காரம் பட்டதும் மெல்ல உடையத் தொடங்கும். எண்ட் பாயிண்ட் ஓரிடத்தில் நிற்காது. அதனால் 30 மில்லி அரை மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைத் தாராளமாக ஊற்றி, 10 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விடுகிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பிரின் மூலக்கூறும் சாலிசிலிக் அமிலம், அசிட்டிக் அமிலம் என இரண்டாகி, இரண்டு பங்கு காரத்தைத் தின்றுவிடும். பந்தியில் மீந்த சோற்றை அளந்து சாப்பிட்டதைக் கணக்குப் போடுவது போல, மீந்த காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளக்க வேண்டியதுதான்.

பீனால் ரெட் விழுந்ததும் குடுவை சிவந்தது. இடது கை பியூரெட்டின் திருகில். வலது கை குடுவையைச் சுழற்றியபடி. 18 மில்லி தாண்டியதும் ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஒரு கணம் மஞ்சள், சுழற்றியதும் மறுபடி சிவப்பு. முனையில் தொங்கிய அரைச் சொட்டைக் குடுவைச் சுவரில் தொட்டெடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி இறக்கினார். "சிறுவாணித் தண்ணி குடிக்கத்தானுங்க, இதுக்கு ஆகாது." மஞ்சள் நிலைத்தது. 19.1.

பொடி போடாத பிளாங்க் 30.0 காட்டியிருந்தது. வித்தியாசம் 10.9. ஒரு மில்லி காரத்துக்கு 45.04 மில்லிகிராம் ஆஸ்பிரின். முழு அரை கிராமும் இருந்திருந்தால் 11.1 வந்திருக்கும். ஆக 98.2 சதவீதம். 95-க்கும் 105-க்கும் இடையில் இருந்தால் தேறிவிடும்.

நான் எழப் பார்த்தேன். "இன்னும் முடியலீங்க."

ஈரம் பட்டுக் கெட்டுப்போன ஆஸ்பிரின் ஏற்கெனவே அதே இரண்டு அமிலமாக உடைந்திருக்கும். அசிட்டிக் அமிலம் ஆவியாகிப் போகாதவரை அதுவும் அதே அளவு காரத்தைத்தான் தின்னும். நல்லதும் கெட்டதும் ஒரே எண்ணைக் காட்டும்! இதைச் சொல்லி டைட்ரேஷனையே பழசு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாத்திரையாகுமுன் வரும் ஆஸ்பிரின் தூளுக்கு மருந்து நூல்கள் இன்றும் இதைத்தான் சொல்கின்றன.

அக்கா ஒரு பழைய மாத்திரையை நீட்டினார். வினிகர் நெடி. அதைச் சாராயத்தில் கரைத்து, இரும்பு உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டார். கத்தரிப்பூ நிறம் பரவியது. தனித்து நிற்கும் சாலிசிலிக் அமிலம்தான் இந்த நிறம் தரும். முழு ஆஸ்பிரின் தராது. அதே சோதனையைப் புதுப் பொடியிலும் செய்தார், நிறம் ஏறவில்லை. சாலிசிலிக் அளவைத் துல்லியமாகப் பார்க்க மாதிரி அடுத்த அறையின் குரோமட்டோகிராபிக் கருவிக்குப் போனது. ரிப்போர்ட்டில் அந்த வரியும் நிரம்பினால்தான் கையெழுத்தாம்.