கப்பலிலிருந்து கண்ட மாளிகை

என் தந்தையார் தம் வாழ்நாளில் எந்தத் தங்கும் விடுதியிலும் ஓர் இரவுகூடத் தங்கியவர் அல்லர். ஆயினும் கடலோரத்து விடுதி ஒன்றைப் பற்றி அவர் பேசாத ஆண்டில்லை. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருந்த இரப்பர்த் தோட்டத்தில், லயத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மறுநாள் வேலைக்குப் பால்வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டே சொல்லுவார்: "பினாங்குக் கரையில் வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை நின்றது. அதுதான் மலாயா என்று நினைத்துக்கொண்டேன்."

அவர் அதைக் கண்டது 1927ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது பதினொன்று. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, மேல்தட்டில் நூற்றுக்கணக்கானவரோடு நெருக்கியடித்துப் படுத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலையே பார்த்துச் சலித்த சிறுவனின் கண்ணில் முதன்முதலாகப் பட்ட கட்டடம் அது. பினாங்கின் வடக்குக் கால்வாய் வழியே கப்பல் நுழையும்போது, கரையை ஒட்டி நீண்டு கிடந்த அந்த மாளிகையின் சாளரங்கள் காலை வெயிலில் மின்னினவாம். "நாம் போய் இருக்கப்போவது அங்கேதானா, ஐயா?" என்று தம் தந்தையைக் கேட்டிருக்கிறார். பாட்டனார் விடை கூறவில்லை. மகனின் தலையைத் தடவிக்கொடுத்தாராம்.

கப்பல் அங்கே சிலரை இறக்கிவிட்டுத் தெற்கே சென்றது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அந்நாளில் வழங்கிய இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, இரயிலேறிச் சிரம்பான் வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. இருட்டில் கண்ணுக்குத் தெரிந்தது லயத்தின் தகரக்கூரை மட்டுமே.

அந்த மாளிகையின் பெயர் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதி. சுருக்கமாக ஈ அண்ட் ஓ என்பார்கள். பாரசீகத்து இஸ்பகானிலிருந்து வந்த ஆர்மீனியரான சார்க்கிஸ் உடன்பிறப்புகள், மார்ட்டினும் திக்ரானும், 1880களில் ஜார்ஜ் டவுனில் தொடங்கியது அது. அதே குடும்பத்தார் 1887இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியையும், 1901இல் இரங்கூனில் ஸ்டிராண்ட் விடுதியையும் நிறுவினர். கப்பல்கள் எங்கெல்லாம் நின்றனவோ அங்கெல்லாம் அவர்களுடைய விளக்குகள் எரிந்தன. கிப்ளிங்கும் சாமர்செட் மாமும் தங்கிய இடம் என்று இன்றும் பெருமையோடு கூறுகிறார்கள்.

ஆனால் எழுத்தாளர்களால் மட்டும் ஒரு விடுதி வாழ்ந்துவிடுமா? அதன் விருந்துக் கூடத்தை நிறைத்தவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் துரைமார்கள். மலாயாவின் காடுகள் இரப்பர்க் காடுகளாக மாறிய காலம் அது. உந்து வண்டிகள் உலகெங்கும் பெருகப் பெருக, இங்கே பால்மரங்கள் பெருகின. பால்மரங்கள் பெருகப் பெருக, கடலோர விடுதிகளில் நடனக் கூடங்கள் விரிந்தன. 1923இல் ஈ அண்ட் ஓ விடுதிக்கு விக்டரி அனெக்ஸ் என்னும் புதிய பகுதியே எழுந்தது. அந்நாளில் விடுதியை நடத்திவந்தவர் இளையவரான அர்ஷாக் சார்க்கிஸ். மதுக் கிண்ணத்தைத் தலையில் நிறுத்தியபடியே நடனமாடிச் சுற்றிவருவார் என்றும், கையில் பணமில்லாத துரைமார்களின் கணக்குச் சீட்டுகளைக் கிழித்தெறிவார் என்றும் அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. கொடையுள்ளம் படைத்தவர்தாம். அந்தக் கொடையின் வேர் எந்த மண்ணில் இருந்தது என்பதை அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா, தெரியாது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, பனியில் நனைந்து, நிரை நிரையாக மரங்களில் மங்கு மாட்டிய கைகள் எங்கள் வீட்டில் இருந்தன.

பிறகு 1929 வந்தது. அமெரிக்காவில் சந்தை சரிந்தது, உந்து வண்டிகள் விலைபோகவில்லை, இரப்பருக்கு ஆளில்லை. 1932இல் ஓர் இராத்தல் இரப்பர் பத்துக் காசுக்கும் கீழே இறங்கியது. சீட்டெழுதிக் கடனாக உண்டு குடித்த துரைமார்கள் வேலையிழந்து கப்பலேறினர். 1931இன் தொடக்கத்தில் அர்ஷாக் காலமானார். அதே ஆண்டில் சார்க்கிஸ் குடும்பத்தின் நிறுவனம் நொடித்துப்போயிற்று. விடுதிகளின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் இதை ஒரு பெருந்துன்பமாகவே எழுதுகின்றனர். அது துன்பந்தான், மறுப்பதற்கில்லை.

அதே 1931இல் எங்கள் லயத்திலும் ஒன்று நடந்தது. அதை எந்த நூலும் எழுதவில்லை.

1920களின் இறுதியில் தோட்டங்கள் பலவற்றில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு என்றிருந்த கூலி குறைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் குறைக்கப்பட்டது. ஆட்குறைப்பும் வந்தது. 1930க்கும் 1932க்கும் இடையே ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் என் பாட்டனாரும் பாட்டியாரும் இரண்டு சிறிய அத்தைமாரும் அடங்குவர். பதினைந்து வயதான என் தந்தையாரை மட்டும், அவருடைய சிற்றப்பாவின் பொறுப்பில் விட்டுச்சென்றனர். இளங்கைகளுக்குக் கூலி குறைவு. ஆகவே வேலை இருந்தது. "இரப்பர் விலை ஏறட்டும், அப்பா, உடனே வந்துவிடுகிறோம்" என்று பாட்டனார் கூறினாராம். விலை ஏறியது. அவர் வரவில்லை. 1936இல் அவர் மறைந்த செய்தி ஓர் அஞ்சலட்டையில் வந்தது. 1938இல் தொழிலாளரை அழைத்துவரும் முறையையே இந்திய அரசு நிறுத்திவிட்டது. பாட்டியாரைத் தந்தையார் மீண்டும் காணவே இல்லை.

இந்த வரலாற்றை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த மாளிகையையும் இந்தப் பிரிவையும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக நான் எண்ணிப் பார்த்தது சென்ற ஆண்டில்தான்.

எனக்கு எழுபத்தைந்து நிறைந்ததை முன்னிட்டு, என் மகள் எங்களுக்கு ஒரு விருந்து வைத்தாள். "அப்பா, தாத்தா சொல்லுவாரே, அந்த விடுதியில் ஓர் இரவு தங்கலாம்" என்றாள். செலவை எண்ணி என் துணைவியார் தயங்கினார். நானோ வேறொன்றை எண்ணித் தயங்கினேன். சிறுவயதில் ஆண்டுக்கொருமுறை தோட்டத்து லாரியில் எங்களைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் செல்வார்கள். மணலில் ஆடுவோம், புளிச்சோற்றுப் பொட்டலம் அவிழ்ப்போம். ஆனால் கரையோரத்தில் இருந்த துரைமார்களின் ஓய்வு இல்லங்களின் வேலியருகே சென்றால், "அந்தப் பக்கம் போகாதே" என்ற குரல் பின்னாலிருந்து கேட்கும். அந்தக் குரல் வேறு யாருடையதும் அன்று, என் தாயாருடையது. எழுபத்தைந்து வயதிலும் அக்குரல் என் காதைவிட்டு அகலவில்லை.

ஆயினும் சென்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்விடுதி பொலிவிழந்து, 1996இல் மூடப்பட்டது. செப்பனிடப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2019இலும் சில மாதங்கள் மூடிப் பழைய பகுதியைப் புதுக்கினார்கள். கடலோரக் கட்டடத்தைக் காப்பது எளிய செயலன்று. உப்புக்காற்று சுவருக்குள் புகுந்து சாந்தை உதிர்க்கும், இரும்பைத் துருவாக்கும், மரத்தை உளுக்கச் செய்யும். பழைய செங்கற்சுவர்மேல் சிமெந்தைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும். சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். ஆகவே பழமையைக் காக்க வேண்டுமாயின் பழைய முறையையே கற்றுக்கொள்ள வேண்டும்.

இது பினாங்கில் மட்டும் நடப்பதன்று. கிரேக்க நாட்டின் ஸ்பெட்சஸ் தீவில், 1914இல் திறக்கப்பட்ட பொசைடோனியன் என்னும் கடலோர விடுதியைப் பல ஆண்டுகள் செப்பனிட்டு 2009இல் மீண்டும் திறந்தார்கள். அதை எழுப்பியவர் புகையிலை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். அங்கே புகையிலை, இங்கே இரப்பர். இரண்டும் ஏதோவொரு வயலில் எவரோ குனிந்து நின்று தந்த செல்வமே.

முன்கூடத்தில் உயர்ந்த கும்மட்டம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவே நின்று பேசினால் நம் குரல் நமக்கே திரும்பி வருகிறது. என் மகள் நின்று "தாத்தா" என்றாள். கும்மட்டமும் "தாத்தா" என்றது. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மாலையில் கடற்சுவரருகே சென்று நின்றேன். வடக்குக் கால்வாயில் ஒரு சரக்குக் கப்பல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நீரில் நின்று ஒரு சிறுவன் இந்த இடத்தைப் பார்த்தான். இன்று அவன் மகன் இந்த இடத்தில் நின்று அந்த நீரைப் பார்க்கிறேன். வெற்றி என்று இதைச் சொல்லலாமா? சொல்ல எனக்கு நாவெழவில்லை.

புல்தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னைக் கண்டு புன்னகைத்தார். தமிழர்.

"ஐயாவுக்கு எந்த ஊர்?" என்றார்.

"சிரம்பான் பக்கம்" என்றேன்.

"தோட்டமா?"

"தோட்டந்தான்."

"நானும் தோட்டந்தான், கெடா" என்றவர், துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு என்னருகே வந்து நின்றார். "இப்போது அங்கே ஒன்றும் இல்லை, ஐயா. எல்லாம் வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. லயம் இருந்த இடம் எதுவென்று என் பிள்ளைக்குக் காட்ட முடியவில்லை."

அவர் முறையிடவில்லை; நாளை மழை வரும் என்பதைப்போல் இயல்பாகத்தான் சொன்னார். அச்சொல்தான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரமே எங்கள் பழைய தோட்டத்திற்குச் சென்றேன். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது எனக்குத் தெரியும். செம்பனையும் போய், சாலைகளும் அடுக்கு வீடுகளும் வந்திருந்தன. லயமில்லை, ஆயாக் கொட்டகையில்லை, நான் அகரம் எழுதிய தமிழ்ப்பள்ளியின் பலகைக் கட்டடமில்லை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுவண்ணம் பூசிக்கொண்டு நின்றது. அதையும் நம்மவர்கள் நன்கொடை தண்டியே காத்திருக்கின்றனர்.

லயத்தை இடித்துவிட்டார்களே என்று நான் புலம்பப் போவதில்லை. ஒழுகும் தகரக்கூரையையும், பத்தடி அறையில் எட்டுப்பேர் படுத்த நெருக்கத்தையும் மீட்டெடுத்து யார் வாழ்வார்? துன்பத்தைச் செப்பனிட்டுக் காட்சிக்கு வைக்க வேண்டியதில்லை. மேலும், நம்மவர் இழந்தவர்கள் மட்டுமல்லர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கினர். அந்தப் பத்து வெள்ளிக்காக என் தாயார் மீன் வாங்காத வாரங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

எனினும் ஒன்று உறுத்துகிறது. அந்த மாளிகையில் தங்கியோரின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. படங்கள் சட்டத்துக்குள் இருக்கின்றன. நொடித்துப்போன கதைகூட இனிய கதையாகச் சொல்லப்படுகிறது. நிற்கும் சுவரே நினைவைத் தாங்கிக்கொள்கிறது. எங்கள் நினைவுக்குச் சுவரில்லை. என் பாட்டனார் வெட்டிய நிரை எது? அவரோடு 1931இல் கப்பலேறியவர்கள் யார் யார்? அந்த அத்தைமார் இருவரின் பெயர்கள் என் மகளுக்குத் தெரியுமா? எனக்கே ஒரு பெயர்தான் உறுதியாகத் தெரிகிறது. இதில் குற்றம் விடுதியுடையதன்று. நாற்பதாண்டுகள் தந்தையார் திண்ணையில் அமர்ந்து சொன்னார். ஆசிரியனாகிய நான், பிறர் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்தவன், அவற்றுள் ஒரு வரியைக்கூட எழுதி வைக்கவில்லை. 1989இல் அவர் போய்விட்டார்.

அவருடைய தகரப்பெட்டியை இப்போது திறந்திருக்கிறேன். 1936ஆம் ஆண்டின் அந்த அஞ்சலட்டை மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது. ஒரு பாதியில் ஊரின் பெயரும் மறு பாதியில் செய்தியும் இருக்கின்றன. பள்ளிக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, முதல் லயத்து முதல் வீட்டிலிருந்து தொடங்கி, எந்த வீட்டில் யார் இருந்தார், எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்று எழுதி வருகிறேன். மறந்த இடங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். என்னோடு வளர்ந்தவர்கள் சிரம்பானிலும் பகாவிலும் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒருவர் வீட்டிற்குச் சென்று கேட்கிறேன். சென்ற ஞாயிறன்று எண்பத்தாறு வயதான ஓர் அக்காள், நான் விட்டுவைத்த வெற்றிடத்தில் தாமாகவே ஒரு பெயரைச் சொன்னார். அது என் இளைய அத்தையின் பெயர். தம் தாயார் அடிக்கடி நினைவுகூர்ந்த பெயராம் அது.

அன்பு கூர்ந்து உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். பெரியவர் எவரேனும் இருந்தால், இந்த வாரமே அருகில் அமர்ந்து, "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள்.