பிடிப்பதா, விடுவதா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓடும் ஜேம்ஸ் ஆற்றில் கெளுத்தி பிடிக்க அரை நாள் படகுப் பயணம் உண்டு. கூடவே ஒரு கைடு வருவார். ஆழமான இடம் பார்த்து நங்கூரம் போட்டு, வெட்டிய மீன் துண்டை இரையாக மாட்டிக் கொடுப்பார். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். அதிர்ஷ்டம் இருந்தால் 20 கிலோ நீலக் கெளுத்தி கூடச் சிக்கும். ஒரு போட்டோ, பிறகு திரும்ப ஆற்றுக்கே!

இங்கேதான் சிக்கல். இது அந்த ஆற்று மீனே இல்லை. தூண்டில்காரர்களுக்காக 1970களில் கொண்டுவந்து விட்டது. இன்று செசபீக் விரிகுடா வரை பரவி, நீல நண்டுகளையும் தின்கிறது. 'பிடித்துச் சாப்பிடுங்கள்' என்கிறார்கள் மீன்வளத் துறையினர். பெரிய மீனிலோ பிசிபி நச்சு சேர்ந்திருக்கும், சாப்பிடக் கூடாது. கைடுக்கோ பெரிய மீன்தான் பிழைப்பு. சரி, சின்னதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாமே!